ரெஜினாவின் யாளி

"நேத்து வந்தவ அவ. அவளோட யாளியைப் போய் எடுத்திருக்கீங்களே, டீச்சர்!"

மாடியேறி வந்ததும் வராததுமாக மரகதம் கேட்டாள்.

டீச்சர் என்றால் யாமினி. மரகதத்தைவிடப் பத்து வயது சின்னவள். பழைய தேர்ச்சீலைகளையும் கிராமத்து ஒட்டுப்போர்வைகளையும் பார்த்துப் பார்த்து, துணிமேல் துணி வைத்துத் தைத்துச் சுவர் உயரத்துக்குச் சித்திரம் செய்கிறவள். கும்பகோணத்தில் அவளிடம் கற்றுக்கொள்ள மரகதத்தோடு சேர்த்து நாலைந்து பெண்கள் வந்தார்கள். சென்னைக் கண்காட்சியில் அவர்களுக்கென்று கிடைத்தது ஒரே ஒரு சுவர். அது புதிதாய்ச் சேர்ந்த ரெஜினா தைத்த யாளிக்குப் போய்விட்டது.

"என்னோடது ஒரே மூச்சுல தைச்சது. ஒரு தையல் பிரிச்சதில்லை."

"ரெஜினாவோடது அங்க தொங்கினா உங்களுக்கு என்னக்கா?"

"வயிறு எரியுது. பொய் சொல்ல மாட்டேன்."

யாமினி சுவரில் தொங்கிய யாளியைக் கழற்றி அவள் மடியில் போட்டாள். மேலே ஒரு சின்னக் கத்திரியை வைத்தாள்.

"பிரிச்சுடுங்க. உங்களோடதை அனுப்பிடலாம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வேறொருத்தியாக இருந்தால் பேச்சுக்காவது 'ஐயோ, வேண்டாம்' என்றிருப்பாள். மரகதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

யாமினி டீ போடப் போனாள்.

யாளியின் பிடரிமயிராகத் தைத்திருந்த துணிச் சுருள்களில் முதலாவதில் மரகதம் கத்திரியை விட்டாள். நறுக் நறுக்கென்று நூல் அறுந்தது. மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

சிவப்புத் துண்டு கையோடு வந்தது.

அடித்துணியில் ஊசித் துளைகள். ஒரு வரிசை இருக்க வேண்டிய இடத்தில் ஏகப்பட்ட வரிசைகள்.

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இந்த ஒரு சுருளை ரெஜினா மேலே தைத்துப் பிரித்திருக்கிறாள். கீழே தைத்துப் பிரித்திருக்கிறாள். சாய்த்துத் தைத்து, அதையும் பிரித்திருக்கிறாள்.

மரகதம் சுருளைத் திரும்ப வைத்துப் பார்த்தாள். யாளி பூனையாகிவிட்டது.

கொஞ்சம் நகர்த்தினாள். ஆடாகிவிட்டது.

இன்னும் நகர்த்தினாள். என்ன செய்தும் அது யாளியாகவில்லை.

யாமினி டம்ளரோடு வந்தாள்.

"பிரிச்சாச்சாக்கா?"

"ஊசி குடுங்க, டீச்சர்."

யாமினி கொடுத்தாள்.

மரகதம் ஊசி முனையை ஒவ்வொரு துளையாக வைத்துப் பார்த்தாள்.

"எந்தத் துளைன்னு தெரியலையே."

"எனக்கும் தெரியாது. ரெஜினா கீழதான் இருக்கா. போய்க் கேளுங்க."