ஒரு குரலும் குறையாத காடு

ஒரு காட்டில், பனி இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவரின் மூஞ்சிகூடத் தெரியாத ஒரு காட்டில், மிரளி என்று ஒரு புள்ளிமான் இருந்தாள். பெயருக்கேற்ற பயந்தாங்கொள்ளி. சருகு உருண்டால் ஓடுவாள். தன் நிழல் அசைந்தாலும் ஓடுவாள். போதாக்குறைக்கு அந்த வருஷம் அவளுக்கு ஒரு குட்டி வேறு பிறந்திருந்தது. அதுவரை தனக்காக மட்டும் பயந்தவள், இப்போது குட்டிக்கும் சேர்த்துப் பயந்தாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு, பிள்ளைகளே. பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு குடும்பமும் தான் நிற்கிற இடத்திலிருந்தே ஒரு முறை குரல் கொடுக்கும். முதலில் எருமையார். காட்டெருமையான அவர்தான் காட்டுக்குத் தலைவர். அடுத்து பன்றிகள். அப்புறம் மயிலார். அப்புறம் மூங்கில் புதர்ப் பக்கமிருந்து மிரளியின் அக்கா தவிட்டி. கடைசியில் மிரளி. எல்லாக் குரலும் கேட்டுவிட்டால் எல்லாரும் பத்திரம் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஆற்றில் அவரவர் துறையில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, அவரவர் இடத்துக்குப் போய்விடுவார்கள். யாரும் யாரையும் போய்ப் பார்ப்பது கிடையாது. குரல்தான் கேட்டுவிட்டதே, அப்புறம் எதற்குப் பார்ப்பது?

அந்தக் கோடையில் எங்கோ தொலைவில் ஒரு ஏரி வற்றிப்போனது. அங்கே பிழைத்துக்கொண்டிருந்த ஆள்காட்டிக் குருவிகள் குஞ்சும் குளுவானுமாகக் கிளம்பி இந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தன.

ஆள்காட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? நெட்டைக் கால், சிவந்த மூக்கு. மரத்தில் தங்காது. வெட்டவெளித் தரையிலேயே முட்டையிட்டு அதன் பக்கத்திலேயே நிற்கும். யாராவது நடந்து வருவது தெரிந்தால் போதும், ஊரையே கூட்டிவிடும். பகலா அந்தியா என்று பார்க்காது. குரல் கொடுக்கிற நேரம், வாயை மூடுகிற நேரம் என்ற முறையெல்லாம் அதற்குத் தெரியாது. காட்டில் இருந்தவர்களுக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது.

மயிலார் தோகையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பாவம், போக்கிடம் இல்லாத ஜனங்கள், இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் என் மேட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம் என்றார். பன்றிகள், நம் கிழங்கெல்லாம் போச்சு என்று பொருமின. ஆள்காட்டி எங்கே கிழங்கைத் தோண்டித் தின்றது! ஆனாலும் பன்றிகள் பொருமிக்கொண்டேதான் இருந்தன. எருமையாரிடம் போய் முறையிட்டால் அவர் அசைபோட்டபடியே, "பார்க்கலாம்" என்பார். என்ன கேட்டாலும் அவருக்குப் பார்க்கலாம்தான்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் கரிச்சான் குருவி முன்னால் வந்தான். கருகருவென்று இருப்பான். வாலில் இரண்டு நீளக் கம்பி, கம்பி முனையில் இரண்டு துடுப்பு. யார் குரலையும் அச்சு அசலாகப் பேசிக் காட்டுவான். அதுவரை அந்த வித்தையை வைத்துக்கொண்டு அணில்களைப் பயமுறுத்தித் தீனியைத் தட்டிப் பறித்துக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்கு அதைவிடப் பெரிய ஆசை வந்துவிட்டது.

பாறை மேல் கூட்டம் கூடியது. கரிச்சான் முதலில் எருமையார் குரலில் பேசினான். பிறகு பன்றியின் குரலில். பிறகு மயிலாரைப் போல அகவினான். எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நம்மைப் போலவே பேசுகிறானே, இவனல்லவா நம்முடைய ஆள் என்று ஒவ்வொருவருக்கும் தோன்றியது.

சட்டென்று அவன் சிறுத்தையைப் போல உறுமினான். கூட்டம் அப்படியே உறைந்து நின்றது. உறுமல் அடங்குவதற்குள் ஆள்காட்டியைப் போலக் கத்தினான்.

"இந்தச் சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே சிறுத்தை நிற்கிறது. நீங்களே பார்த்திருப்பீர்கள். அதைக் கூட்டிக்கொண்டு வருவது யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா? இவர்களை அனுப்பிவிடுங்கள். அப்புறம் இந்தக் காட்டில் ஒரு குரல்கூடக் குறையாது. இது என் வாக்கு. நான்தான் உங்கள் குரல்."

மிரளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், ஆள்காட்டி கத்திய பக்கம் திரும்பியபோதெல்லாம் புல்லுக்குள் அந்த மஞ்சள் தோல் நகர்வதை அவளும் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற தவிட்டி மட்டும் முணுமுணுத்தாள். அவை கத்தியதால்தானே நாம் ஓடித் தப்பினோம், இந்தக் கோடையில் நம்மில் ஒருத்தரையாவது சிறுத்தை பிடித்ததா என்று கேட்டாள். மிரளிக்கு அதைக் காதில் வாங்கிக்கொள்ளப் பொறுமை இல்லை. "சும்மா இரு அக்கா, என் குட்டி தூங்கியே எத்தனை நாளாயிற்று" என்றாள்.

சம்மதம் என்றால் காலால் தரையைத் தட்ட வேண்டும். எல்லாரும் தட்டினார்கள். மிரளியும் தட்டினாள்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கே பிடிக்கவில்லை. எருமையார் பார்க்கலாம் என்று சொல்லியபடியே எழுந்து, ஆள்காட்டிகள் இருந்த வெளியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். பன்றிகள் அவர் பின்னாலேயே போயின. குஞ்சும் குளுவானுமாக வந்த ஆள்காட்டிகளில் பெரியவை மட்டும் மிஞ்சி மலையைத் தாண்டிப் பறந்துபோயின. போகும்போது ஒரு கிழ ஆள்காட்டி மிரளியின் முன்னால் வந்து நின்றது. வையும் என்று நினைத்து மிரளி தலையைக் குனிந்துகொண்டாள். அது வையவில்லை.

"தாயே, குட்டியைப் புல்லில் படுக்க வைத்துவிட்டு எங்கேயும் போகாதே" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

காடு அமைதியானது. அடடா, என்ன அமைதி! முதல் சில நாட்கள் எல்லாரும் அதைக் கொண்டாடினார்கள். கரிச்சான் பாறை உச்சியில் உட்கார்ந்துகொண்டான். அந்தியில் குரல்கள் வரிசையாக ஒலித்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. மிரளியின் குட்டியும் நன்றாகத் தூங்கியது.

பனிக்காலம் வந்தது. அந்திக்கு முன்பே வெள்ளையாக இறங்கிப் புல்வெளியை மூடிவிடும். பனிக்குள்ளிருந்து குரல்கள் மட்டும் வரும். எருமையார், பன்றிகள், மயிலார், தவிட்டி. தவிட்டியின் குரல் முடிகிற இடத்தில் லேசாகக் கம்மும். அந்தக் கம்மலைக் கேட்ட பிறகே மிரளி தன் குரலைக் கொடுப்பாள்.

ஒரு நாள் அவளுக்கு அக்காவின் நினைப்பு வந்தது. பார்த்து எத்தனை காலமாயிற்று! குட்டி வளர்ந்திருப்பதைக் காட்டலாம் என்று, பகலிலேயே குட்டியையும் கூட்டிக்கொண்டு மூங்கில் புதருக்குப் போனாள்.

அங்கே புல் அவள் முதுகு உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. தவிட்டிக்கு அந்தப் புல் என்றால் உயிர். ஒரு நுனியைக்கூட விட்டுவைக்கமாட்டாள். வழி நெடுக ஒரு குளம்படி இல்லை. அவள் எப்போதும் நுழைகிற சந்தின் குறுக்கே சிலந்தி வலை கட்டியிருந்தது. அது அறுபடாமல் பனித்துளியோடு அப்படியே தொங்கியது.

நேற்று அந்தியில்கூட இந்த இடத்திலிருந்துதானே குரல் வந்தது? ஓடிவிடலாம் என்று மிரளிக்குக் கால் பரபரத்தது. ஆனாலும் ஓடவில்லை. குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூங்கிலடியிலேயே நின்றாள்.

பொழுது சாய்ந்தது. பனி இறங்கியது. ஆற்றோரம் எருமையார் குரல் கொடுத்தார்.

அடுத்தது பன்றிகளின் குரல். அது பன்றிகளின் இடத்திலிருந்து அல்லவா வர வேண்டும்? அது மிரளியின் தலைக்கு மேலிருந்து வந்தது. மயிலாரின் அகவலும் அதே இடத்திலிருந்து வந்தது. பிறகு அக்காவின் குரல், அதே கம்மலோடு, மேலே மூங்கில் கிளையிலிருந்து வந்தது. மான் எங்கேயாவது மரம் ஏறுமா, பிள்ளைகளே?

மிரளி அண்ணாந்து பார்த்தாள். கரிச்சான் கிளையில் உட்கார்ந்திருந்தான். அவன் அலகு இன்னும் மூடவில்லை.

"அக்கா எங்கே?" என்றாள் மிரளி.

"இங்கேதான் இருக்கிறாள். இப்போதுதானே கேட்டாய்?"

"பன்றிகள்? மயிலார்?"

"அவர்களையும்தான் கேட்டாயே." அவன் முகத்தில் துளி வெட்கம் இல்லை. "ஒவ்வொருவராகப் போனார்கள். முதலில் உன் அக்கா. வெளியே சொன்னால் எல்லாரும் பயப்படுவீர்கள், காட்டின் அமைதி கெட்டுப்போகும். ஒரு குரலும் குறையாது என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். குறைந்ததா? நீயே சொல்."

கூட்டத்தில் அக்காவைச் சும்மா இரு என்று அடக்கியது மிரளிக்கு நினைவுக்கு வந்தது. கரிச்சான் தலையைச் சாய்த்து அவளையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்றைக்கு உன் குரல் இன்னும் வரவில்லையே. பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான்.

அந்த நேரம் உயரப் புல் காற்றே இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் மறுபடி சாய்ந்தது. அதைப் பார்த்துக் கத்துவதற்கு அந்தக் காட்டில் ஒருவரும் இல்லை. மிரளி குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினாள். பயந்து பயந்து ஓடியே பழகிய கால்கள் அல்லவா? அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது அந்தப் பயம்தான்.

மூச்சிரைக்க எருமையாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா இல்லை, பன்றிகள் இல்லை, மயிலார் இல்லை, நீங்களும் நானும்தான் மிச்சம் என்றாள். எருமையாருக்கு என்ன, அவர் உடம்புக்குச் சிறுத்தை கிட்டத்தில் வருமா? கொம்பை ஆட்டிவிட்டு அசைபோட்டார்.

"இப்போதுதானே எல்லாரும் குரல் கொடுத்தார்கள்? ஏன், உன் குரலும்தான் கேட்டது. நீ அந்த ஆள்காட்டிகளோடு சேர்ந்து கெட்டுப்போய்விட்டாய் என்று கரிச்சான் சொன்னது சரிதான் போலிருக்கிறது. போ, போ. பார்க்கலாம்."

மிரளி அங்கே நிற்கவில்லை. கரையோர நாணலுக்குள் பதுங்கிக் கிடந்து, வெளுத்ததும் குட்டியோடு ஆற்றில் இறங்கி நீந்தி அக்கரை மணலில் ஏறினாள்.

அக்கரைக் காட்டின் வாயிலில் ஒரு கிடாமான் கொம்பைத் தாழ்த்தி வழியை மறித்தது. யார், எந்த ஊர், எதற்காக வந்தாய் என்று துருவித் துருவிக் கேட்டது. எங்கள் கூட்டத்தில் கலந்து பேசித்தான் சொல்ல முடியும், அதுவரை மணலைத் தாண்டி ஓர் அடி வைக்கக் கூடாது என்றது. பகல் முழுக்க மிரளி ஈர உடம்போடு அந்த மணலில் நின்றாள். குட்டி பசியில் முனகியது. உள்ளே மேய்ந்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

அந்தியும் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பனிக்குள்ளிருந்து குரல்கள் எழுந்தன. எருமையார். பன்றிகள். மயிலார்.

கிடாமான் காதை நிமிர்த்திக் கேட்டது. "தினமும்தான் கேட்கிறோம். அங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள். அப்படி இருக்கும்போது உனக்கு மட்டும் இங்கே என்ன வேலை?"

தவிட்டியின் குரல் கம்மலோடு முடிந்தது.

அடுத்த குரல் வந்தது. அது மிரளியின் குரல். குட்டியைக் கூப்பிடும்போது அவள் கொடுக்கிற அதே இழுப்பு, அதே குழைவு.

குட்டி தலையைத் தூக்கியது. பக்கத்தில் நிற்கிற அம்மாவைப் பார்க்காமல், ஆற்றுக்கு அந்தப் பக்கம் அம்மா கூப்பிடுகிற இடத்தைப் பார்த்துத் துள்ளி ஓடித் தண்ணீரில் காலை வைத்தது. அங்கே நாணல் மெல்ல அசைந்தது. மிரளி கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன பயன்? பாய்ந்து போய்க் குட்டியின் குறுக்கே விழுந்து, அதன் மூக்கைத் தன் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டாள். தாயின் வாசனை பட்ட பிறகுதான் அது திமிறாமல் நின்றது.

ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் இன்னொரு முறை ஆசையாகக் கூப்பிட்டது.

கிடாமான் மிரளியின் வாயைப் பார்த்தது. அது மூடியிருந்தது.

"அங்கே கூப்பிடுவது யார்?" என்றது.

"யாரும் இல்லை" என்றாள் மிரளி. "அங்கே இப்போது யாருமே இல்லை."

கிடாமான் கொம்பை நிமிர்த்திக்கொண்டு வழியை விட்டு ஒதுங்கி நின்றது.

நீதி: வந்தவரின் கூச்சல் பிடிக்காமல் அவரை விரட்டிவிட்டு, நம் குரலிலேயே பேசுகிறவனை நம்பினால், கடைசியில் அந்தக் குரல்தான் மிஞ்சும், நாம் மிஞ்சமாட்டோம்.