நாத்துமுடியை ஒதைச்ச ராசா

ஒரு ஊருல ஆராயி ஆராயின்னு ஒருத்தி இருந்தாளாம். ஊரு பேரு வெள்ளாங்குளம். வாய்னா வாய், அப்படி ஒரு வாய் அவளுக்கு! நடவுக்கு எறங்கினா அவதான் முன்னால. அவளை மாதிரி ஒருத்தி இனிமே பொறந்தாத்தான் உண்டு.

அந்த ஊருக்குக் கெழக்க ஒரு பெரிய ராசா, மேக்க ஒரு பெரிய ராசா. எந்தப் பஞ்சத்திலயும் ஊருக் கொளம் வத்தாது, அதனால ரெண்டு பேருக்கும் ஊரு மேல கண்ணு. "எனக்கு"ன்னான் ஒருத்தன். "எனக்குத்தான்"னான் இன்னொருத்தன். ஊருக்காரங்களை யாராச்சும் கேட்டானா? கேக்கலையே! வர்ற வெள்ளிக்கெழமை ஊரு வயல்லயே சண்டை போட்டுப் பாத்துருவோம்னு பேசி வச்சுட்டானுங்க.

நாத்தங்கால்ல நாத்து தயாரா நிக்குது. இப்ப நடலைன்னா முத்திப் போகும், அப்புறம் வருசம் பூரா பட்டினிதான். ஆராயி கெழக்கு ராசாகிட்டப் போயி, "நட்டு முடிக்கிற வரைக்கும் பொறுங்க ராசா"ன்னு கேட்டா. "செயிச்சுட்டுப் பேசலாம், போ"ன்னான். மேக்கு ராசாகிட்டப் போயி கேட்டா. "நாத்தா பெருசு, நாடு பெருசா? போடி!"ன்னான். அப்புறம் ஊருக்கு வந்து, "அவங்க வேலையை அவங்க பாக்கட்டும், நம்ம வேலையை நாம பாப்போம்"னு மடையைத் தொறந்து விட்டுட்டா.

வெள்ளிக்கெழமை ரெண்டு படையும் வந்து பாத்தா, வயலெல்லாம் தண்ணி, முழங்கால் சேறு, பொம்பளைங்க குனிஞ்சு நட்டுக்கிட்டிருக்காங்க! சிப்பாய் வந்து "வெலகு"ன்னான், வெலகலை. தளபதி வந்து "வெலகு"ன்னான், வெலகலை. அப்புறம் ராசாக்களே வரப்புல வந்தாங்க. நடவு நேரத்துல பெரிய மனுசங்க வந்தா காலடியில நாத்துமுடியை, அதான் கட்டி வச்ச நாத்துக் கத்தையை, வச்சு மறிச்சு ஏதாச்சும் கேப்பாங்கல்ல? அந்த வழக்கப்படி ஆராயி ஆளுக்கொரு முடியை வச்சா. "தாண்டக் கூடாது. கேட்டதைக் குடுத்துட்டுத்தான் போகணும்"னா.

கெழக்கு ராசா நின்னுட்டான். "என்ன வேணும் தாயி?"

"படையைத் திருப்பிக்கிட்டுப் போங்க சாமி."

நாத்தை மிதிச்சா அன்னத்தை மிதிச்ச மாதிரின்னு அவங்கம்மா சொல்லி வளத்திருந்தா. "குடுத்தேன்"னு சொல்லிக் குதிரையைத் திருப்பிட்டான். அவனும் மனுசன்தான்!

மேக்கு ராசா இருக்கானே, நாத்துமுடியை எட்டி ஒதைச்சுட்டு, ஆனை மேல ஏறி அதை நடுவயல்ல எறக்கினான். ஆனை வயித்து மட்டும் பொதைஞ்சுது, இவன் தலைகுப்புற சேத்துல விழுந்தான். "தூக்குங்கடா!"ன்னு கத்துறான், ஒருத்தனும் வரலை. அத்தனை பேரும் குடியானவன் பெத்த புள்ளைங்க. "நாத்தை ஒதைச்சவரை நாங்க தொட மாட்டோம்"னு ஈட்டியைக் கீழ போட்டுட்டாங்க.

ஆனையா? பாவம், அது என்ன பண்ணும்! தழையும் வைக்கோலும் போட்டு அதை முதல்ல கரையேத்திட்டாங்க. அப்புறம் ஆராயி ராசா கையில நாத்தைக் குடுத்து, "நட்டுக்கிட்டே கரைக்கு வாங்க"ன்னா. திரும்பிப் போய்க்கிட்டிருந்த கெழக்குப் படையும் நின்னுட்டுது; ரெண்டு படையும் பாக்க அவன் குனிஞ்சான், நட்டான், குனிஞ்சான், நட்டான், குனிஞ்சவன் நிமிர முடியலை. இடுப்பைப் புடிச்சுக்கிட்டு, "தாயி, ஊரு ஒங்களுதுதான்!"னு கும்பிட்டுட்டு ஓடினவன், அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கலை.

சோத்தை மதிக்காதவன் எவ்வளவு பெரிய ராசாவா இருந்தாலும் சேத்துலதான் விழணும். வெளஞ்ச நெல்லு அவங்க குதிருக்கு, கேட்ட கதை ஒங்க தூக்கத்துக்கு. கண்ணை மூடுங்க.