காற்று நின்ற இடம்

பனைமரம் அடர்ந்த காடு ஒன்றில், கண்ணுகளா, கொறிச்சி என்றொரு அணில் இருந்தாள். ஓலை அசைந்தாலே அவளுக்கு நெஞ்சு படபடக்கும். ஒரே ஒரு குட்டி. பெயர் துடுக்கன்.

ஒருநாள் மேற்கே கறுப்பாக ஒரு தூண் கிளம்பியது. வானத்துக்கும் தரைக்குமாகச் சுழன்றுகொண்டே வந்தது.

"ஐயோ, சூறாவளி!"

கொறிச்சி குட்டியைக் கவ்விக்கொண்டு, கண்ணில் பட்ட வளைக்குள் பாய்ந்தாள். அது உடும்பின் வளை. மற்ற நாளென்றால் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள்.

"உட்கார் பிள்ளை. இன்றைக்கு எனக்குப் பசியே இல்லை, பயம்தான்," என்றது உடும்பு.

மலையைத் திருகையில் போட்டு அரைப்பதுபோல மேலே இரைச்சல். பனைகள் மடார் மடாரென்று முறிந்தன.

திடீரென்று எல்லாம் அடங்கியது.

"காற்று நின்றுவிட்டது! வெளியே வாருங்கள்!" பாறை இடுக்கில் ஒளிந்திருந்த மயில் கூவியது. தன் தோகையைப் பற்றி அதற்கு அவ்வளவு பெருமை.

துடுக்கன் அம்மாவின் வயிற்றடியில் நழுவி வெளியே ஓடிவிட்டான்.

"டேய், எங்கேடா போகிறாய்?" பின்னாலேயே ஓடிய கொறிச்சி விறைத்துப் போனாள்.

சுற்றிலும் புழுதிச் சுவர். ஆழக் கிணற்றின் அடியில் நிற்பதுபோல இருந்தது. உச்சியில் கையகல நீல வானம். சுவருக்குள்ளே கல்லும் மட்டையும் ஒரு முழுப் பனையும் சுற்றிக்கொண்டிருந்தன. காது அடைத்தது. இழுத்த மூச்சு நெஞ்சுவரை போகவில்லை.

மயிலோ தோகையை விரித்தது. "வெயிலைப் பார்த்தாயா, தங்கச்சி?"

"மடக்கு அண்ணா! உள்ளே வா!"

"அதுதான் நின்றுவிட்டதே!"

"ஆமாம், நம் தலைக்கு மேலேயே நிற்கிறது! இன்னும் போகவில்லை அண்ணா!"

"போடி, பயந்தாங்கொள்ளி!"

எதிர்ப்பக்கச் சுவர் நகர்ந்து வந்தது. கொறிச்சி குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு ஓடினாள். வளை வாசலில் அவள் கால்கள் தரையை விட்டு எழும்பிவிட்டன. உடும்பு சட்டென்று அவள் வாலைக் கவ்வியது. மண்ணில் நகங்களைப் பதித்து, விடாமல் உள்ளே இழுத்தது.

மறுபடியும் அதே இரைச்சல். அது தேய்ந்து, மழை சொட்டத் தொடங்கிய பிறகுதான் உடும்பு பிடியைத் தளர்த்தியது.

வெளியே, கருவேல முள்ளில் மயில் தலைகீழாகத் தொங்கியது. உயிர் இருந்தது. தோகையில் ஓர் இறகுகூட இல்லை.

"தங்கச்சி, முதலில் என்னை இறக்கிவிடு. சிரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்," என்றது.

நீதி: ஆபத்து நடுவில் சற்று நின்றால், அது போய்விட்டதென்று நம்பிவிடாதே.