எவ்வளவு ஈயம்

தாரணி எந்த நாட்டுக்குப் பந்தயம் ஓட்டப் போனாலும் அவள் பெட்டியில் இரண்டு ஈயத் தகடுகள் இருக்கும். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். இது என்ன என்பார்கள்.

"கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது" என்பாள்.

பொய்யில்லை. போகிற ஊரிலெல்லாம் அவளுடைய கேரேஜ் கதவுக்கு முட்டு அதுதான்.

உலகத்திலேயே வேகமான கார்கள் ஓடும் வரிசையில் இன்று அவளுக்கும் ஓர் இருக்கை உண்டு. ஆனால் அந்த இருக்கைக்கு அவள் ஒரு வருஷம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தாள். தாமதத்துக்கும் அந்தத் தகடுகளுக்கும் சம்பந்தம் இருக்கிறது. என்ன சம்பந்தம் என்று கேட்டால், "கௌசர் அக்காவைக் கேளுங்க" என்பாள். கௌசரைக் கேட்டுப் பதில் வாங்கியவர் யாரும் இல்லை.

கௌசர் கோயமுத்தூர்க்காரி. சின்ன வயதில் கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டிகளில் பையன்களுக்குத் தண்ணி காட்டியவள். பதினெட்டு வயதில் ஓட்டுவதை விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்ட பத்திரிகைக்காரரிடம், "ஹெல்மெட் சின்னதாப் போச்சு" என்றாளாம். அப்புறம் இன்ஜினீயரிங் படித்தாள், வண்டிகளைத் தயார் செய்தாள், ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தாள் என்பது பேச்சுக்கு. அவள் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் வந்தால் அதிகம்.

கோவையின் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்தவரின் மகள் தாரணி, ஒன்பது வயதில் அவளிடம் வந்து சேர்ந்தாள். அப்போது கௌசருக்கே இருபத்தொன்று.

வந்த முதல் வாரம் தாரணி கேட்டாள். "அக்கா, பிரேக் எந்த இடத்துல அழுத்தணும்?"

கௌசர் தன் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போய், வளைவுக்கு அந்தப் பக்கம் புல் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு வந்தாள்.

"புது ஸ்கூட்டர்" என்றாள். அவ்வளவுதான் பாடம்.

பதினோரு வருஷம் கழித்தும், எந்த வளைவைப் பார்த்தாலும் தாரணிக்கு அதன் ஓரத்தில் ஒரு ஸ்கூட்டர் நிற்கும்.

பந்தயத்தில் ஒரு விதி உண்டு. வண்டியும் ஓட்டுகிறவரும் சேர்ந்து இத்தனை கிலோவுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஈயம் வைத்து ஈடு கட்ட வேண்டும். ஓடி முடித்ததும் தராசில் ஏற்றுவார்கள். குறைந்திருந்தால் ஜெயித்தது செல்லாது. தாரணி பூஞ்சை உடம்பு. கார்ட் ஓட்டிய காலத்தில் அவள் சீட்டின் முதுகில் ஈயத்தைப் போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். போல்ட்டின் தலை விலாவில் குத்திக் குத்தி, ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அவளால் ஒருக்களித்துப் படுக்க முடியாது.

அவள் ஜெயித்தால் "எடை கம்மி, பறக்குது" என்பார்கள். ஈயம் வைத்திருக்கிறாளே என்று யாராவது சொன்னால் "தாழ வெச்சிருக்காங்க, வண்டி ஆடாது, அதுல லாபம்" என்பார்கள். அவளோடு போட்டி போட்ட ருத்ரேஷ் ஜெயித்தால், ருத்ரேஷ் ஜெயித்தான். தாரணி ஜெயித்தால் மட்டும் அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. ஒன்பது வயதில் கேட்ட பேச்சு. பதின்மூன்றில் கேட்டாள். கார்ட்டிலிருந்து பெரிய காருக்கு மாறிய பதினாறிலும் கேட்டாள். கேட்டுக் கேட்டு மரத்துப்போகும் என்பார்கள். அவளுக்கு மரத்துப்போகவில்லை.

அவளுக்கு இருபது வயதான வருஷம் தேசியப் பந்தயத்தின் கடைசிச் சுற்று கோவைக்குத் தெற்கே உள்ள தடத்தில் நடந்தது. தாரணியும் ருத்ரேஷும் புள்ளிகளில் சரிக்குச் சரி. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் இருவரில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்கு ஐரோப்பாவில் ஒரு வருஷம் ஓட்டும் இடம். ஒரே இடம்.

சனிக்கிழமை, யார் எந்த வரிசையில் புறப்படுவது என்பதற்கான ஓட்டம். தாரணியின் நேரம்தான் முதல். தராசில் ஏற்றினார்கள். விதிக்கு மேல் ஒன்றரைக் கிலோ காட்டியது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அவள் கேரேஜுக்குத் திரும்பியபோது, அடுத்த கேரேஜில் ருத்ரேஷின் இன்ஜினீயர் வரதராஜன் பேசிக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தெட்டுக் கிலோ அம்மிணி. உள்ள ஒரு தலகாணிய வெச்சு அனுப்புனாலும் அந்த வண்டி முதல்ல வரும்."

நாலு பேர் சிரித்தார்கள்.

கௌசர் டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தாள். தாரணி பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா."

"ம்."

"தராசுல சரியாத்தான இருந்துச்சு?"

"பார்த்தேன்."

"அப்பவும் பேசறாங்க."

"கேட்டேன்."

"எவ்வளவு ஈயம் வெச்சா இவங்க வாய மூடுவாங்க?"

கௌசர் அடுத்த டயருக்கு நகர்ந்தாள். அதையும் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது. போய்க் கேட்டுட்டு வா."

"யாருகிட்ட?"

"வாய் யாருதோ அவங்ககிட்ட."

வேறு ஒருத்தியாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பாள். தாரணி நேராக அடுத்த கேரேஜுக்குப் போனாள். வரதராஜன் முதலில் எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் சுதாரித்துக்கொண்டார்.

"என்னம்மிணி, கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங் சார். ஒரு விவரம் வேணும். இன்னும் எத்தனை கிலோ ஏத்துனா, நான் ஓட்டறதுனாலதான் வண்டி ஓடுதுன்னு ஒத்துக்குவீங்க?"

ருத்ரேஷ் குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

வரதராஜன் மோவாயைத் தடவினார். "பத்து வேண்டாம், பாவம். எட்டு வெச்சுக்கலாம்."

"எட்டு வெச்சு முன்னால வந்துட்டா?"

"நானே பூமார்க்கெட்டுக்குப் போயி மாலை வாங்கிட்டு வர்றேன்."

தாரணி திரும்பி வந்தாள். "எட்டாம்."

"சரி" என்றாள் கௌசர்.

பெட்டியைத் திறந்து இரண்டு தகடுகளை எடுத்தாள். தாரணியின் அப்பா பட்டறையில் வார்த்துக் கொடுத்தவை. ஒவ்வொன்றின் மூலையிலும் நாலு என்று குத்தியிருக்கும். காருக்குள், ஓட்டுகிறவரின் முழங்கால் வரும் இடத்துக்குக் கீழே இரண்டையும் வைத்துப் போல்ட்டை முறுக்கினாள். தாரணி திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தாள். ஸ்பானர் சுற்றும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"தப்புன்னு சொல்லுங்கக்கா."

"தப்புன்னு நெனக்கிறியா?"

"இல்ல."

"அப்புறம்?"

ஞாயிறு காலைப் பயிற்சியில் அவள் தன் சனிக்கிழமை நேரத்தைவிடச் சுற்றுக்கு ஒரு வினாடியில் பத்தில் மூன்று பங்கு பின்தங்கினாள். கண்ணைச் சிமிட்டுகிற நேரம். ஆனால் பந்தயம் பதினைந்து சுற்று. பதினைந்து சிமிட்டலுக்கு நாலரை வினாடி. நாலரை வினாடிக்குள் அந்த நேர்த்தடத்தில் ஒரு கார் இருநூறு மீட்டருக்கு மேல் போய்விடும்.

கௌசர் நேரம் அச்சடித்த தாளை ஸ்டியரிங் மேல் வைத்தாள்.

"கழட்டட்டுமா?"

"வேண்டாம்."

"சரி."

"எல்லாத்துக்கும் சரின்னா எப்படி? சண்டை போடுங்கக்கா."

"ஸ்பானர் பெட்டி திறந்துதான் இருக்கு."

"கழட்டிட்டா அந்த ஆளுக்கு என்ன பதில் சொல்றது?"

"எனக்கு அவரோட பேச்சுவார்த்தை இல்ல."

தாரணி குரலைத் தாழ்த்தினாள். "யோசிச்சுப் பாருங்க. இன்னிக்குக் கழட்டிட்டு ஜெயிச்சா இதே பேச்சு ஐரோப்பாவுக்கும் பின்னாலயே வரும். எட்டோட ஜெயிச்சுட்டா? இங்கியே முடிஞ்சுது. அப்புறம் சாகற வரைக்கும் ஒருத்தர் வாயத் தெறக்க முடியாது. ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான்."

கேட்டால் நியாயம் போலத்தான் இருந்தது. பதினோரு வருஷம் கேட்டவளுக்கு அதைவிடப் பெரிய நியாயம் எது?

"ஒரே ஒரு தடவை" என்றாள் கௌசரும். கேள்வியாகவும் இல்லை, கிண்டலாகவும் இல்லை.

பந்தயம் மூன்று மணிக்கு. இரண்டு ஐம்பதுக்கு வண்டிகள் கேரேஜை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறிய பின் யாரும் வண்டியில் கை வைக்கக் கூடாது. இரண்டு நாற்பதுக்குத் தாரணி கையுறையை மாட்டிக்கொண்டு காரின் அருகில் நின்றாள். கௌசர் பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானரை எடுத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

நாலு போல்ட். இரண்டு நிமிஷ வேலை.

தாரணியின் கை எழுந்தது. அப்போது அடுத்த கேரேஜ் வாசலில் இருந்து வரதராஜன் இரண்டு கைகளையும் உயர்த்தினார். கட்டை விரல்களை மடக்கிக்கொண்டு எட்டு விரலையும் காட்டினார். சிரித்தார்.

தாரணி ஸ்பானரைத் தொடவில்லை. காருக்குள் இறங்கி உட்கார்ந்தாள்.

முதல் இடத்திலிருந்து புறப்பட்டாள். முதல் வளைவைப் பழுதில்லாமல் எடுத்தாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேர்த்தடத்தில் எதிரே வந்து முட்டியது. ஒவ்வொரு சுற்றிலும் சுவரோரம் கௌசர் பலகை பிடித்தாள். பின்னால் வருகிற ருத்ரேஷ் எத்தனை வினாடி தள்ளி என்பது அதில் இருக்கும்.

நாலாம் சுற்றில் ஒன்று புள்ளி நாலு.

ஏழாம் சுற்றில் ஒன்று.

அவள் வண்டியை ஒடுக்கி ஓட்டினாள். அவன் உள்ளே வர இடமில்லாமல் வளைவுகளை அடைத்து ஓட்டினாள். பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள், அப்படி ஓர் ஓட்டத்தை அந்தத் தடத்தில் கண்டதில்லை என்று. ஆனால் முன் டயர்கள் தேய்ந்துகொண்டு வருவது ஸ்டியரிங்கில் தெரிந்தது. சொன்ன பேச்சை வண்டி அரை நொடி தாமதமாகக் கேட்டது.

பதினோராம் சுற்றில் புள்ளி ஆறு.

பதினாலில் புள்ளி இரண்டு. அவனுடைய எஞ்சின் சத்தம் அவள் முதுகில் கேட்டது.

கடைசிச் சுற்று. நேர்த்தடத்தின் முடிவில் இடப்பக்கம் கூராகத் திரும்பும் வளைவு. அதன் ஓரத்தில் ஸ்கூட்டர் நின்றது. ஆயிரம் தடவை அழுத்திய அதே இடத்தில் பிரேக்கை அழுத்தினாள். அழுத்தம் சரி, இடமும் சரி. முழங்காலுக்குக் கீழே கிடந்த எட்டுக் கிலோ மட்டும் நிற்க மறுத்து முன்னே போயிற்று. தேய்ந்த டயரால் அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. வண்டி வெளிப்பக்கமாக அகன்றது. அரை வண்டி அகலம், அதற்கு மேல் இல்லை. ருத்ரேஷுக்கு அது போதும்.

கோட்டை அவன் முதலில் தாண்டினான். அடுத்தது அவள்.

முடிந்த பின் மெதுவாக ஒரு சுற்று ஓட்டித் தராசுக்கு வர வேண்டும். ருத்ரேஷின் வண்டி முன்னால் தடத்தின் ஓரங்களை நக்கிக்கொண்டு போவதைத் தாரணி பார்த்தாள். பந்தயத்தில் எல்லோருடைய டயரிலிருந்தும் பிய்ந்த ரப்பர்த் துணுக்குகள் ஓரத்தில் கிடக்கும். சூடான டயரில் அவை ஒட்டிக்கொள்ளும். எடை குறைந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் இப்படிப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். விதியில் தடை இல்லை.

தராசில் அவன் வண்டி விதிக்கு மேல் முந்நூறு கிராம். அவளுடையது ஒன்பதரைக் கிலோ.

முந்நூறு கிராமைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வரதராஜன் வேகமாக வந்தார். தாரணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை.

"அம்மிணி, நேத்து வரைக்கும் வண்டி ஓடுச்சு. இன்னிக்குத்தான் நீ ஓட்டுன. ஓட்டக்காரின்னா நீதான். எவன் என்ன சொன்னாலும் என்கிட்ட வரச் சொல்லு."

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நேற்றுச் சிரித்த நாலு பேரும் தட்டினார்கள். ருத்ரேஷ் வந்து, "நல்லா ஓட்டின" என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஐரோப்பாவுக்கான கடிதம் அவன் கையில் இருந்தது.

தாரணி கேரேஜுக்கு வந்தாள். கௌசர் காருக்குள் தலையை விட்டு நாலாவது போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுதான விட்டீங்க?"

போல்ட் கழன்று கௌசரின் கைக்கு வந்தது.

"தடுத்திருக்கலாமில்லக்கா. ஒரு வார்த்தை. பதினோரு வருஷம்... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல."

கௌசர் தகடுகளை வெளியே எடுத்தாள். பழந்துணியால் ஒன்றைத் துடைத்தாள், மற்றதைத் துடைத்தாள்.

"நேத்து ஒண்ணு கேட்ட. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

"ஆமா."

வெளியே வரதராஜனின் குரல் கேட்டது. யாரிடமோ தாரணியைப் புகழ்ந்துகொண்டிருந்தார். எடை என்ற சொல் அதில் எங்கும் வரவில்லை. அவர் பேசி முடிக்கும் வரை இருவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

கௌசர் இரண்டு தகடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அவள் கையில் வைத்தாள்.

"எட்டுக் கிலோ."