மாமியார் ஏறினால் நிற்கும் பாட்டு

"எங்க மாமியார் ஏறினா வண்டியில பாட்டு நின்னு போகுதுங்க," என்றான் கிட்டுசாமி.

அங்கமுத்து நிமிர்ந்து பார்த்தார். கார்களுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டித் தருவது அவர் தொழில். உடுமலை ரோட்டில் அவருக்குச் சவுண்டு சாமி என்று பேர். தொழிலெல்லாம் சத்தம், வாயில் மட்டும் சத்தம் கிடையாது. அதனால் வந்த பேர்.

"வேற யாராச்சும் ஏறினா?"

"ஜோராப் பாடுதுங்க. சம்சாரம் ஏறினாப் பாடுது, மகள் ஏறினாப் பாடுது. மாமியார் முன்சீட்டுல உட்கார்ந்து, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினாப் போதும். ஆம்ப்ளிஃபயர் கப்புனு அடங்கிருது. அவங்க இறங்கினதும் மறுபடியும் பாட்டு."

"என்ன பண்ணிப் பார்த்தீங்க?"

ஃபியூஸ் மாற்றியாயிற்று. பேட்டரி மாற்றியாயிற்று. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. பூசணிக்காய் சுற்றி உடைத்தும் ஆயிற்று.

"அப்புறம்?"

கிட்டுசாமியின் குரல் இறங்கியது.

"அப்புறம் என் வாய் சும்மா இருக்கலீங்க."

கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது வண்டி நிறையச் சொந்தக்காரர்கள். பாட்டு நின்றது. 'எங்க அத்தை ராசி அப்படி' என்று சொல்லிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். புருசனை இழந்து ஒற்றை ஆளாக மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்த பொம்பளை, நாச்சாத்தாள். அவர் சிரிக்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். பின்னால் வந்த டவுன் பஸ்ஸில் ஏறிப் போனவர்தான்.

"மகளுக்குக் காது குத்து வருதுங்க. 'எங்கம்மா இந்த வண்டியில ஏறி வந்தாத்தான் நானும் புள்ளையும் கோயிலுக்கு வருவோம்'னு என் சம்சாரம் ஒத்தைக்கால்ல நிக்கறா. நீங்க இதைச் சரி பண்ணிக் குடுத்துட்டா, 'பழுது தீந்துருச்சு வாங்க அத்தை'ன்னு போய் நின்னுக்குவேன்."

அங்கமுத்து பழந்துணியில் கையைத் துடைத்தார்.

"அந்தம்மாவைக் கூட்டீட்டு வாங்க."

"அவங்க எதுக்குங்க? பழுது வண்டியிலதானுங்களே?"

"அவங்க ஏறினாத்தானே நிக்குது?"

கிட்டுசாமி சும்மா விடுகிற ஆளில்லை. மறுநாள் முன்சீட்டில் ஒரு தேங்காய் மூட்டையைக் குறுக்கே கிடத்திக்கொண்டு வந்தான்.

"கிட்டத்தட்ட அத்தை கனந்தானுங்க. வர்ற வழியெல்லாம் பாடுது! அப்ப இது ராசியில்லாம வேற என்னங்க?"

அங்கமுத்து மூட்டையைப் பார்த்தார்.

"இதுவா கோவிச்சுக்கிட்டு பஸ்ல போச்சு?"

கேட்டுவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

வேறு வழியில்லை. கிட்டுசாமி மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றான்.

நாச்சாத்தாள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க," என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

"அத்தை, பாட்டுப்பெட்டிக்காரரு உங்களைக் கூட்டீட்டு வரச் சொன்னாருங்க."

"எதுக்கு? என் ராசியை அவருக்கும் காட்டறதுக்கா?"

வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த பேச்சையெல்லாம் அவன் விட்டுவிட்டான்.

"நான் சொன்னது தப்புங்க அத்தை. வண்டியில பழுது இருக்குதோ இல்லையோ, நான் சொன்னது தப்புங்க."

முறம் நின்றது.

"இதை அன்னைக்கே பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடி வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"பஸ்ஸு வேகமாப் போயிருச்சுங்க."

நாச்சாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

"இருங்க. சீலை மாத்தீட்டு வர்றேன்."

கடையில் அங்கமுத்து பாட்டைப் போட்டார். நாச்சாத்தாள் முன்சீட்டில் இருந்தார். பாட்டு நன்றாகத்தான் பாடியது.

"கொஞ்சம் அசைஞ்சு உட்காருங்கம்மா."

அசைந்தார். பாட்டு நின்றது.

நாச்சாத்தாளின் முகம் சுண்டிப்போயிற்று. கை கதவுக்குப் போனது.

"இறங்காதீங்கம்மா," என்றார் அங்கமுத்து. "நீங்க இருந்தாத்தான் எனக்குத் தெரியும்."

அப்படியே தரையில் மண்டியிட்டு, டார்ச்சோடு சீட்டுக்கு அடியில் தலையை விட்டார். கிட்டுசாமியையும் குனியச் சொன்னார். இரண்டு தலையும் சீட்டுக்கு அடியில். அங்கேதான் ஆம்ப்ளிஃபயர் பெட்டி இருந்தது.

"பெட்டியில விளக்கு என்ன நிறம்?"

"சிவப்புங்க. பெட்டி செத்துப் போச்சுங்களா?"

"பாடும்போது பச்சை எரியும். வெளியில இருந்து என்னமோ தன்னைச் சுடுதுன்னு தெரிஞ்சா, சிவப்பைப் போட்டுட்டு வாயை மூடிக்கும். வெந்து போகாம இருக்கறதுக்கு."

சீட்டுக்கு மேலிருந்து நாச்சாத்தாள் சொன்னார்: "பொழைக்கத் தெரிஞ்ச பொட்டி."

கிட்டுசாமி தலையை வெளியே எடுக்கவில்லை.

அங்கமுத்து டார்ச்சைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். சீட்டு ஸ்பிரிங் ஒன்று நடுவில் தொங்கி, பெட்டியில் ஸ்பீக்கர் ஒயர் முடுக்கியிருந்த திருகாணியின் மேல் உட்கார்ந்திருந்தது.

"மூட்டை சீட்டு விளிம்புல படுத்துக்கும். உங்க சம்சாரத்துக்குக் கனம் பத்தாது. அம்மா நடுவுல உட்கார்ந்தா ஸ்பிரிங் இறங்கி ஒயர்ல இடிக்குது," என்றார். பிறகு, "பெட்டி இத்தனை உசரத்துல ஏன் இருக்குது? கீழே என்ன?"

கிட்டுசாமிக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"மணைப் பலகைங்க."

"மணையா?"

"பாட்டுங்கறது சரஸ்வதியில்லீங்களா? கால் படற எடத்துல வெறும் தரையில கெடக்குதேன்னு... ஆயுத பூஜைக்கு மணைக்குப் பொட்டு வெச்சு, நான்தான் அதும்மேல உட்கார வெச்சேன்."

மேலே சீட்டு கிறீச்சிட்டது. நாச்சாத்தாள் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"பொட்டிக்கா? மணையா?"

"ஆமாங்க அத்தை."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிட்டுசாமிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அங்கமுத்து அவரை இறங்கச் சொல்லிவிட்டு மணையை உருவி வெளியே வைத்தார். பெட்டியைத் தரையோடு தரையாக முடுக்கினார். தொங்கின ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டினார். எழுந்து, அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

"மணையை என்னங்க பண்றது?" என்று கிட்டுசாமி கூப்பிட்டுக் கேட்டான்.

அவர் திரும்பவில்லை.

அது உயரமான வண்டி. நாச்சாத்தாள் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார். முழங்கால் வரவில்லை. இறக்கினார். மறுபடி தூக்கினார். இத்தனை நாளும் இப்படித்தான் ஏறியிருக்கிறார். அவன் அப்போதெல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பாட்டு மாற்றிக்கொண்டிருப்பான்.

கிட்டுசாமி மணையை எடுத்து வந்து கதவுக்குக் கீழே வைத்தான். ஆடாமல் இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தான்.

"இதும்மேல கால் வெச்சு ஏறுங்க அத்தை."

"பொட்டு வெச்ச மணைங்க, மாப்பிள்ளை."

"அதனாலதானுங்க."

நாச்சாத்தாள் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் தோளில் கை ஊன்றினார். மணைமேல் ஒரு கால், வண்டிக்குள் ஒரு கால். ஏறி உட்கார்ந்து, சீலையை உள்ளே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வழியில மறுபடியும் பாட்டு நின்னா?"

"நிக்கட்டுங்க அத்தை. நீங்க பேசீட்டு வாங்க."