பாம்புத்தோல் லெக்கின்ஸும் பவுனு அணிலும்

ஆற்றோரம் நாவல் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், வெயில் ஏறுமுன்பே யோகா வகுப்பு தொடங்கிவிடும்.

ஆமாம் குழந்தைகளே, மிருகங்களுக்கும் பறவைகளுக்கும்தான். ஒற்றைக் காலில் அசையாமல் நிற்கத் தெரிந்த கொக்குதான் அங்கே டீச்சர்.

அந்த வகுப்பில் பவுனு என்று ஓர் அணில் இருந்தாள். கடைசி வரிசையில், புதருக்குள் பாதி மறைந்தாற்போல நிற்பாள். அப்படி ஒரு கூச்சம் அவளுக்கு. யாராவது "என்ன பவுனு, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், பதில் அவள் வாய்க்கு வருவதற்குள் கேட்டவர் போய்விடுவார்.

பவுனுவுக்கு மூன்று குட்டிகள். பிள்ளை பெற்றதிலிருந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. நடக்கலாம், தனியாக மரம் ஏறலாம். ஆனால் ஒரு குட்டியை வாயில் கவ்வித் தூக்கினால் போதும், இடுப்பில் சுரீர் என்று இழுக்கும்.

அவள் குடியிருந்த பொந்து ஒரு புளியமரத்தின் அடியில், வேரை ஒட்டி இருந்தது. மழை பிடித்தால் ஆற்றுத் தண்ணீர் நேராக அந்தப் பொந்துக்குள்தான் வரும். அதற்கு முன்னால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு உச்சிப் பொந்துக்குப் போய்விட வேண்டும். அணில்களில் அப்பாக்கள் பிள்ளை தூக்குவதில்லை. கேட்டால், பக்கத்து மரத்தில் அவசர வேலை இருக்கிறது என்பார்கள்.

மேகம் அங்கங்கே கறுக்கத் தொடங்கியிருந்தது.

"பாம்பு ஆசனம் பண்ணு பவுனு. குப்புறப் படுத்து, கையை ஊன்றி, நெஞ்சைத் தூக்கு. தினமும் செஞ்சா பிடிப்பு தன்னால விட்டுரும்" என்று கொக்கு டீச்சர் சொல்லியிருந்தாள்.

எல்லாரும் நெஞ்சைத் தூக்கினார்கள். பவுனுவுக்கு மட்டும் வரவே இல்லை. பாதி தூக்குவாள், தொப்பென்று விழுவாள்.

மற்றவர்கள் எல்லாரும் பளபளவென்று புது லெக்கின்ஸ் போட்டிருந்தார்கள். பவுனு போட்டிருந்தது அவளுடைய அக்கா கொடுத்த பழசு. இலவம்பஞ்சு நூலில் பின்னியது. இடுப்பில் தொளதொளவென்று இருக்கும். எந்த நேரத்தில் நழுவுமோ என்று ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேதான் அவள் எல்லா ஆசனமும் செய்வாள்.

"ஏ பவுனு, அந்த லெக்கின்ஸ் உன் அக்கா போட்டதா, இல்ல அக்காவோட மாமியார் போட்டதா?" என்று கேட்டது முன்வரிசை மயில்.

"விடுங்க மயிலண்ணே, காத்தோட்டமா இருக்கும்ல!" என்றது முயல்.

எல்லாரும் சிரித்தார்கள். பவுனுவும் சிரித்துவைத்தாள். ஆனால் வகுப்பு முடிந்ததும் அவள் கால்கள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. கீரி அண்ணாச்சியின் கடைக்குப் போயின. அந்தப் பளபள லெக்கின்ஸ் எல்லாம் அங்கேதான் வாங்கியவை.

"வா தாயி, வா! உன்னைத்தான் நினைச்சுக்கிட்டே இருந்தேன்!" என்றது கீரி. யார் வந்தாலும் அது அப்படித்தான் சொல்லும்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு..."

"நல்லாப் பாரு. தொட்டுப் பாரு. இது என்னன்னு தெரியுதா? அசல் பாம்புத்தோல்!"

பவுனு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாதே, உள்ளே பாம்பு இல்ல. சரி, நான் ஒண்ணு கேக்குறேன். இந்தக் காட்டுலேயே நல்லா வளையிறது யாரு?"

"பாம்பு."

"நீ பண்ற ஆசனம் யாரு பேர்ல இருக்கு?"

"பாம்பு பேர்லதான்."

"அப்படின்னா பாம்புத்தோலைப் போடாம பாம்பு ஆசனம் எப்படித் தாயி வரும்? நீயே சொல்லு!"

பவுனுவுக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. அடடா, இது தெரியாமல் இத்தனை நாள் விழுந்து விழுந்து எழுந்தோமே என்று நினைத்துக்கொண்டாள்.

"பாம்போட நேருக்கு நேர் நின்னு, சண்டை போட்டு, உயிரைப் பணயம் வச்சுக் கொண்டாந்த தோல் இது. மத்த கடையில எல்லாம் வாழைப்பட்டையைச் சாயம் போட்டு விக்கிறான். என்கிட்ட வாலுக்குத் தனி ஓட்டை வேற!"

"என்ன விலை அண்ணாச்சி?"

கீரி குரலைத் தணித்தது. "மழைக்காலத்துக்குன்னு கடலையும் இலந்தைக் கொட்டையும் சேத்து வச்சிருக்கியே, அது மொத்தமும் கொண்டா. போதும்."

"மொத்தமுமா?" என்றாள் பவுனு. "கொஞ்சம் குறைச்சு..."

"குறைச்சா அது மட்டமான சரக்குன்னு ஆயிருமே தாயி! மட்டமான சரக்கை உன் தலையில கட்ட எனக்கு மனசு வருமா? சரி, உனக்காக ஒண்ணை ஒதுக்கி வைக்கிறேன். காலையில வந்துரு. தாமசம் பண்ணினா முயல் வந்து கொத்திக்கிட்டுப் போயிரும்."

பவுனு வீட்டுக்கு வந்தாள். பொந்தின் ஒரு மூலையில் கடலையும் கொட்டையும் குவிந்து கிடந்தன. அதன்மேல் குட்டிகள் ஏறிச் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தன.

அவள் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள்.

"எல்லாத்தையும் குடுத்துட்டா மழையில நாங்க என்னத்தைத் தின்கிறது?" என்றான் மூத்தவன்.

"அம்மா நனைஞ்சுக்கிட்டே போய்த் தேடிக் கொண்டாருவேன்டா."

"மழையில கொட்டை எங்கம்மா கிடைக்கும்? எல்லாம் சேத்துக்குள்ள போயிரும்னு நீதானே சொன்னே?"

பவுனு குட்டிகளைப் பார்த்தாள். இவர்களை மேலே தூக்கிப் போக முடியாவிட்டால், கொட்டை இருந்துதான் என்ன பிரயோசனம்? தண்ணீர் வந்தால் கொட்டையும் மிதக்கும், குட்டிகளும் மிதக்கும். இடுப்பு சரியாக வேண்டும். அதற்கு என்ன விலை கேட்டாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் பொழுது புலர்ந்தது. தரை வழியாகப் போனால் பூனை பிடிக்கும் என்று, பவுனு மரத்துக்கு மரம் தாவிப் போனாள். முதல் நடைக்குக் கன்னம் இரண்டிலும் கடலையை அடக்கிக்கொண்டிருந்தாள். வழியில் ஒரு வேப்பமரம். அதன் கீழே கரடுமுரடான பாறை ஒன்று.

அந்தப் பாறையில் நீளமான சாரைப்பாம்பு ஒன்று உடம்பை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தது. தேய்க்கத் தேய்க்கத் தோல் உரிந்தது. முழுசாக உரிந்து விழுந்ததும், "அப்பாடா! இப்பத்தான் மூச்சே விட முடியுது!" என்றது பாம்பு.

பவுனுவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கூச்சம்கூட மறந்துபோய்விட்டது. கன்னத்துக் கடலையைக் கிளைச் சந்தில் துப்பிவிட்டு, மேலே இருந்தபடியே கேட்டாள்.

"பாம்பண்ணே, பாம்பண்ணே! அதைப் போய்க் கழட்டிப் போட்டுட்டீங்களே! இனிமே எப்படி வளைவீங்க?"

பாம்பு நிமிர்ந்து பார்த்தது. "யாரு, அணிலா? கீழே இறங்கி வாயேன், பக்கத்துல வச்சு விவரமாச் சொல்றேன்."

"வேணாம்ணே, இங்கேயே காது நல்லாக் கேக்குது."

பாம்பு சிரித்துவிட்டது. "விவரமான ஆளுதான். இந்தத் தோல் இறுக்கிப் பிடிச்சு, நான் திரும்பக்கூட முடியாம கிடந்தேன். இது போனாத்தான் எனக்கு வளையவே முடியும்."

"ஆனா உங்க தோலைப் போட்டாத்தான் உங்களை மாதிரி வளைய வரும்னு சொன்னாங்களே..."

"எவன் சொன்னான்? வளையிறது முதுகு. தோல் அது பின்னால போகுது, அவ்வளவுதான்!"

சொல்லிவிட்டு, புது உடம்போடு வழுக்கி வழுக்கிப் பாம்பு புல்லுக்குள் போய் மறைந்தது.

பாம்பின் வால் நுனி மறைகிற வரைக்கும் பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்த ஒருவர் இப்போது எட்டிப் பார்த்தார். வேறு யார்? நம் கீரி அண்ணாச்சிதான். அங்குமிங்கும் பார்த்தார். உரிந்த தோலை எடுத்தார். தூசி தட்டினார். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடையைப் பார்த்து ஒரே ஓட்டம்.

"நேருக்கு நேர் நின்ன லட்சணம் இதுதானா!" என்று பவுனு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு யோசித்தாள். தோல் வளையவில்லை, முதுகுதான் வளைகிறது. நமக்கும் முதுகு இருக்கிறதே? அது ஏன் வளையமாட்டேன் என்கிறது?

கிளை அகலமாக இருந்தது. பார்க்க யாரும் இல்லை. பவுனு குப்புறப் படுத்தாள். யாரும் இல்லாததால் லெக்கின்ஸைப் பிடிக்கவும் இல்லை. இரண்டு கைகளையும் ஊன்றி நெஞ்சைத் தூக்கினாள்.

தூக்கினாள், தூக்கினாள், இன்னும் தூக்கினாள்! தலைக்கு மேலே வானம் தெரிந்தது. இடுப்பில் ஏதோ இளகினாற்போல இருந்தது.

அதே நேரத்தில் லெக்கின்ஸ் நழுவி முழங்காலுக்கு வந்துவிட்டது.

பவுனுவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இத்தனை நாளும் ஒரு கை லெக்கின்ஸைப் பிடிக்கப் போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கையால் எந்த உடம்பைத் தூக்குவது?

லெக்கின்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு, கிளைச் சந்திலிருந்து ஒரே ஒரு கடலையை எடுத்துக்கொண்டு, கீரியின் கடைக்குப் போனாள். வகுப்புக்குப் போகிற வழியில் மயிலும் அங்கே நின்றிருந்தது.

"வா தாயி! கொட்டை மூட்டை எங்கே?" என்று கீரி எட்டிப் பார்த்தது.

"அண்ணாச்சி, எனக்கு அந்த லெக்கின்ஸ் வேணாம்."

"என்னது! உனக்காகப் பொத்திப் பொத்தி வச்சிருக்கேன்! இந்தா, எப்படி இழுபடுது பாரு!" என்று கீரி இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்தது.

சர்ர்ர் என்று நடுவில் கிழிந்தது.

கீரி கிழிந்ததை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "இது... இது காட்டுறதுக்குன்னு வச்சிருக்கிற துணி" என்றது.

பவுனு அதைக் காணாததுபோல இருந்துகொண்டாள். தோலை எல்லாம் ஒரு கட்டாகக் கட்டி மரத்தில் தொங்கவிட்டிருந்ததைக் காட்டி, "அந்தக் கட்டைச் சுத்தியிருக்கிற வாழைநார் என்ன விலை அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"நாரா? நாருக்கு எவன் விலை சொல்லுவான்?"

"சும்மா வேணாம். இந்தாங்க, ஒரு கடலை."

கீரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கடலையை விட மனசு வரவில்லை. அவிழ்த்துக் கொடுத்தது. பவுனு அந்த நாரை லெக்கின்ஸின் இடுப்பு மடிப்புக்குள் கோத்து, இழுத்து, நாடாபோல முடிச்சுப் போட்டாள். குதித்துப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். இடுப்பில் சிக்கென்று நின்றது.

மயில் தன் கால்களைக் கவலையோடு பார்த்தது. "ஏன் பவுனு, அப்போ நான்தான் ஏமாந்துட்டேனா?"

"நீங்க எதுக்காக வாங்கினீங்க மயிலண்ணே?"

மயில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காதோடு சொன்னது. "தோகை எல்லாம் அழகா இருந்து என்ன செய்ய? இந்தக் காலைப் பாத்தியா, குச்சி குச்சியா? அது வெளியில தெரியக்கூடாதுன்னுதான்."

"அதுதான் நல்லா மறைஞ்சிருக்கே! நீங்க வாங்கினது உங்களுக்குச் சரிதான். என் கால் இப்படியே இருக்கட்டும். எனக்கு ரெண்டு கையும் வேணும்."

மயில் அவளை ஏற இறங்கப் பார்த்தது. "இவ்வளவு பேசுவியா நீ?" என்றது. பவுனுவுக்கு உடனே கூச்சம் வந்துவிட்டது.

அன்று வகுப்பில் பவுனு கடைசி வரிசையிலேயேதான் நின்றாள். ஆனால் இரண்டு கைகளும் தரையில் இருந்தன. "அப்படித்தான், அப்படித்தான்!" என்று கொக்கு டீச்சர் ஊன்றிய ஒற்றைக் காலை மாற்றக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாள் தவறாமல் செய்தாள். இடுப்புப் பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. குட்டியைத் தூக்கிப் பார்த்தாள். முதலில் லேசாக இழுத்தது. பிறகு அதுவும் நின்றது.

ஒருநாள் மத்தியானம் வானம் கறுத்து, காற்று சுழன்று அடித்தது. பவுனு கடலையையும் கொட்டையையும் முதலில் உச்சிப் பொந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அப்புறம் சின்னவளைக் கொண்டுபோனாள். அடுத்து நடுவுள்ளவனை. கடைசியாக மூத்தவனைக் கழுத்தில் கவ்வினாள்.

தொங்கிக்கொண்டே போகும்போது மூத்தவன் கேட்டான்: "அம்மா, அந்தப் பளபள லெக்கின்ஸை நீ ஏம்மா வாங்கல?"

வாய் நிறையப் பிள்ளை இருந்ததால் பவுனு பதில் சொல்லவில்லை. இடுப்பை நன்றாக வளைத்து, மேல் கிளைக்கு ஒரே தாவாகத் தாவினாள். முதல் மழைத்துளி அவள் வாலில் விழுந்தது.

நீதி: ஒரு பொருளின் விலையைக் கேட்பதற்கு முன்னால், நமக்குக் குறையாக இருப்பது எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.