கணினி ஏன் பத்து எண்ணுகிறது

அந்தக் காலத்தில் கணினிகளுக்கு வாய் இருந்தது. உள்ளே குடியிருக்கும் இயங்குதளம் பேசும், எதிரே உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்லலாம். ஆனால் ஒரு கணினிக்கு ஒரே குடித்தனம்தான். இன்னொரு தளத்தைக் குடிவைக்க வேண்டுமென்றால் இருப்பதை வெளியேற்ற வேண்டும். வெளியேறுபவர் உள்ளே விட்டுப்போன சாமான் அத்தனையும் அழிந்துபோகும்.

சங்கரன்கோவிலில் ஒரு மாடி அறையில் அப்படியொரு கணினி இருந்தது. அதில் சண்முகவடிவு கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பாள். அவள் நாத்தனார் ஆவுடை மென்பொருள் எழுதுவாள். சண்முகவடிவுக்கு ஜன்னலார் என்ற தளம்தான் வேண்டும். அவர் பழைய ஆள், பிரிண்டரிலிருந்து எழுத்துரு வரை எல்லாம் அவருக்குப் பழக்கம். ஆவுடைக்குப் பென்குயின் என்ற தளம் வேண்டும். அது கொடுத்ததைச் சாப்பிடும், சொன்ன கட்டளையைச் சொன்னபடி செய்யும், வீட்டில் எந்த அறையையும் பூட்டி வைக்காது. இரண்டில் எது நல்லது என்று அவர்களிடம் யாராவது கேட்டுவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

ஆகவே வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்தார்கள். முறை முடிந்தவள் சாமான்களையெல்லாம் பென்டிரைவில் ஏற்றி, அதைச் சுவர் ஆணியில் மாட்ட வேண்டும். ஆணியில் பென்டிரைவ் தொங்கினால் வீடு காலி என்று அர்த்தம்.

ஒரு திங்கட்கிழமை, சண்முகவடிவு சாமான் ஏற்றத்தான் பென்டிரைவைக் கையில் எடுத்தாள். கீழே ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா வந்து கூப்பிட்டார். போகிற அவசரத்தில் வெறும் பென்டிரைவை ஆணியில் மாட்டிவிட்டு இறங்கிப் போனாள். அவர் மகளின் பத்திரிகை ஜன்னலாரிடமே இருந்தது. முகூர்த்தத்துக்கு ஏழே நாள். எந்தச் சித்தப்பா பெயர் முதலில் வரவேண்டும் என்று பெண் வீட்டார் நான்கு நாள் சண்டை போட்டு, அன்று காலையில்தான் சமாதானம் ஆகியிருந்தார்கள்.

ஆவுடை வந்தாள், ஆணியைப் பார்த்தாள், உட்கார்ந்தாள்.

"அழிக்கவா?" என்று திரை கேட்டது.

"தாயி, சாமான் உள்ள கெடக்கு!" என்று ஜன்னலார் அலறினார்.

"போன தடவையும் இதத்தான் சொன்னீரு" என்று அவள் விரலை விசைமேல் வைத்தாள்.

வாசலில் மூட்டையோடு காத்திருந்த பென்குயின் மெதுவாகச் சொன்னது: "எதுக்கும் மதினிய ஒரு வார்த்தை கேட்டுரு. அழிச்சுட்டா எனக்கும் திருப்பி எடுக்கத் தெரியாது."

ஆவுடை குரல் கொடுத்தாள். "மதினி, அழிச்சிரட்டா?"

"அடி பாவி, கைய வைக்காத! பத்து எண்ணு, வந்துருதேன்!"

மாடிக்குப் பத்துப் படி. ஆவுடைக்கு விரல் மரத்துப்போயிற்று. எடுத்தால் எங்கே அழுத்திவிடுவோமோ என்ற பயத்தில் அப்படியே வைத்திருந்தாள். பென்குயின்தான் மிச்சப் படிகளை எண்ணியது. பத்து, ஒன்பது, எட்டு. ஐந்தில் செருப்பு வழுக்கியது. இரண்டு, ஒன்று. சண்முகவடிவு பாய்ந்து வந்து அவள் கையை மெல்லத் தூக்கிவிட்டாள்.

பத்திரிகை பிழைத்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள், கொஞ்சம் அழுதார்கள். அப்பாடா என்றிருந்தது. பிறகு முதல் வேலையாகச் சாமான்களைப் பென்டிரைவில் ஏற்றினார்கள்.

"இந்தத் தடவை பிழைச்சேன், அடுத்த தடவை?" என்றார் ஜன்னலார்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு மூலை போதும்" என்றது பென்குயின். "நடுவுல ஒரு குறுக்குச் சுவர் வைப்போம். ஒருத்தர் முழிச்சிருக்கையில மத்தவர் தூங்கட்டும்."

வேறொரு நாளாக இருந்தால், ஒரே உறையில் இரண்டு கத்தியா என்று ஜன்னலார் குதித்திருப்பார். அன்று உயிர் பிழைத்த சந்தோஷத்தில் இருந்தார்.

"இன்னைக்கே வை தம்பி. வாசல்ல மட்டும் நீயே நில்லு. யாரு வேணும்னு கேளு, கேட்டுட்டுப் பொறுமையா எண்ணு."

அன்று முதல்தான், இரு குடித்தனம் உள்ள கணினி எழுந்ததும் யார் வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கேட்கிறது. பட்டியலில் பென்குயின் முதலில் நிற்கிறது. கீழே பத்து, ஒன்பது, எட்டு என்று எண்கள் இறங்குகின்றன. மதினி படியேறி வந்து சேர அவ்வளவு நேரம் போதும்.